ஜெட்டா, புரொப்பல்லரா? அவுட்போர்டு வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி (மிசூரி): 'ஜெட் 40' என்று பழைய அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்) ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று பேர் ஏறினால் படகு மேலெழும்பி ஓடவே மாட்டேன் என்கிறது. பணம் போனதுதானா?

பதில்: விட்டுவிடாதீர்கள், தப்பு உங்கள் பேரில் இல்லை. இந்த எண் மோசடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. புரொப்பல்லருக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் ஜெட் பம்பு மாட்டினால் இன்ஜின் சக்தியில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். அதனால்தான் 60 குதிரைத்திறன் இன்ஜினோடு கம்பெனியிலிருந்தே ஜெட்டாக வரும் மோட்டாருக்கு 'ஜெட் 40' என்று பெயர். 90 இன்ஜினுக்கு 65. வெறும் 40 இன்ஜினுக்குத் தனியாக ஜெட் கிட் (மாற்றி மாட்டும் பாகங்களின் தொகுப்பு) வாங்கி மாட்டினால் பம்பில் கிடைப்பது சுமார் 28தான். அதையும் கூசாமல் 'ஜெட் 40' என்றே விற்கிறார்கள். மேல்மூடி ஸ்டிக்கரை யாரும் உரித்து ஒட்டலாம். படகில் மாட்டும் பிராக்கெட்டில் மாடல் எண், சீரியல் எண் பொறித்த தகடு இருக்கும். அந்த மாடலின் சிசி, குதிரைத்திறன் என்னவென்று பாருங்கள். தகட்டையும் விளம்பரத்தையும் படமெடுத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு விற்றவருக்கு எழுதுங்கள். மசியவில்லையென்றால், மிசூரியில் 5,000 டாலர் வரை வக்கீல் இல்லாமலே சிறு வழக்கு நீதிமன்றத்தில் கேட்கலாம்.

கேள்வி: பழைய ஜெட் பம்பில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பம்புக்குள் சுற்றும் விசிறியான இம்பெல்லரைக் கையால் சுற்றுங்கள், கரகரத்தால் வாங்காதீர்கள். நான் சுற்றிப் பார்க்காமல் வாங்கி, முதல் மாதமே பேரிங் மாற்றினேன்.

கேள்வி (அலாஸ்கா): சில மாதம் ஏரி, சில மாதம் கூழாங்கல் ஆறு. ஒரே மோட்டாரில் புரொப்பல்லரையும் ஜெட்டையும் மாற்றி மாற்றி மாட்டலாமா?

பதில்: மாட்டலாம். பழகிய கைக்கு அரை நாள் வேலை. கியர்கேஸை (புரொப்பல்லரைத் தாங்கும் அடிப்பாகம்) இறக்கி, ஜெட்டுக்குரிய டிரைவ் ஷாஃப்டைப் போட்டு, குளிர்நீர் பம்பை அதன்மேல் உட்கார்த்தி, கியர் கம்பிக்குப் பதில் பின்னோக்கிப் போக நீரைத் திருப்பிவிடும் ரிவர்ஸ் கேட்டை இணைக்க வேண்டும். ஷாஃப்டின் பல்வரிகளில் கிரீஸ் தடவுங்கள், உச்சியில் வேண்டாம். அங்கே தேங்கினால் ஷாஃப்ட் முழுக்க ஏறாது. தண்ணீர்க் குழாய் பம்பில் சரியாக நுழைந்ததா என்று பாருங்கள். தவறினால் சில நிமிடத்திலேயே இன்ஜின் கொதிக்கும்.

பலர் கோட்டை விடுவது உயரத்தில். ஜெட்டுக்கு மோட்டார் ஏறக்குறைய அரையடி மேலே போக வேண்டும். படகின் அடியில் நேரான சட்டம் ஒன்றை வைத்துப் பாருங்கள்: நீர் உறிஞ்சும் வாயின் முன்விளிம்பு அதே மட்டத்தில் நிற்க வேண்டும். தாழ்ந்தால் இழுவை, உயர்ந்தால் காற்றை உறிஞ்சி இன்ஜின் அலறும், படகு நகராது. அடிக்கடி மாற்றுவதானால் மோட்டாரை ஏற்றி இறக்கும் ஜாக் பிளேட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள உறையான லைனருக்கும் இடைவெளி சுமார் 0.8 மி.மீ. மணலில் ஓடித் தேய்ந்தால் நட்டுப் பக்கமுள்ள ஷிம்மை (மெல்லிய வளையம்) இம்பெல்லரின் மறுபக்கம் மாற்றுங்கள். இம்பெல்லர் கூம்பு வடிவ லைனருக்குள் இன்னும் இறங்கும். ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும் பேரிங்குக்குக் கிரீஸ். இன்னொன்று: ஜெட்டில் உண்மையான நியூட்ரல் கிடையாது, இன்ஜின் ஓடும்வரை இம்பெல்லர் சுற்றும். நீர் உறிஞ்சும் வாயிலுள்ள கிரில்லில் (கம்பித் தடுப்பு) கல் சிக்கினால் இன்ஜினை அணைத்த பிறகே கை வையுங்கள்.

கேள்வி: மலிவாக இருக்கிறதே என்று இணையத்தில் ஜெட் கிட் வாங்கினேன். மாடல் எண் பார்க்கவில்லை. ஷாஃப்ட் பல்வரி பொருந்தவில்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: மாடல் எண் பார்க்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்ஜினுக்கு இன்ஜின் கிட் வேறு. இரண்டும் 40 என்பதற்காகப் பொருந்தாது. பொருந்தும் மோட்டார் வைத்திருப்பவரைத் தேடி விற்றுவிடுங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): பைபர் படகில் புரொப்பல்லரில் மீன்பிடி நரம்பு சுற்றிக்கொள்கிறது. ஜெட்டுக்கு மாறட்டுமா?

பதில்: வேண்டாம். ஐஸும் வலையும் மீனும் ஏற்றி வரும் படகில் 30 சதவீத சக்தியை இழக்காதீர்கள். அலையில் ஜெட் காற்றை விழுங்கும். பாசியும் பாலித்தீன் பையும் கிரில்லை அடைக்கும். சுற்றிய நரம்பை அப்படியே விட்டால் ஆயில் சீலை அறுத்துவிடும். மாதம் ஒருமுறை புரொப்பல்லரைக் கழற்றி ஷாஃப்டைச் சுத்தம் செய்து, கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. சீலை மாற்றிவிட்டுக் கடலுக்குப் போங்கள்.