களியும் காப்ஸ்யூலும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் தாயாருக்கு வயது 54. இரண்டு முழங்கால்களிலும் ஓராண்டாக வலி இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. அளவு லிட்டருக்கு 6 மில்லிகிராம் என வந்தது. 'உடம்பில் ஆன்டிஆக்ஸிடன்ட் குறைந்ததால்தான் அழற்சி' என்று கூறி, தெரிந்தவர் ஒருவர் மாதம் 3,000 ரூபாய்க்குக் காப்ஸ்யூல் வாங்கச் சொல்கிறார். வீட்டில் களி, கீரை, கொள்ளு எல்லாம் சாப்பிடுகிறோம். இது போதாதா?
— வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: காப்ஸ்யூல் வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கொல்லையில் நடக்கும்போது காலில் வேலமுள் தைத்தால் அந்த இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறது அல்லவா, அதுவே அழற்சி. அங்கு விரைந்து வரும் வெள்ளை அணுக்கள், கிருமிகளைக் கொல்வதற்காக ஆக்சிஜனிலிருந்து ஃப்ரீ ராடிக்கல் போன்ற கடுமையான வேதிப்பொருள்களைத் தாமே உண்டாக்குகின்றன. அவை நம் சொந்தத் திசுக்களின் மீதும் தெறிக்கும் என்பதால், அவற்றை அடக்குவதற்குக் கேட்டலேஸ், குளூட்டதயோன் போன்றவற்றை உடலே உருவாக்கி வைத்திருக்கிறது. உணவில் கிடைக்கும் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கரோட்டின் முதலியவை அவற்றுக்குத் துணை நிற்கின்றன. இப்படி ஃப்ரீ ராடிக்கல்களை அடக்குபவற்றுக்குத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர். முள்ளை எடுத்தால் அடங்கிவிடும் அழற்சியைப் பற்றிக் கவலையில்லை. மாதக்கணக்கில் தணலாகக் கனன்றுகொண்டிருக்கும் அழற்சிக்குத் தொப்பைக் கொழுப்பு, புகையிலை, கட்டுப்படாத சர்க்கரை, ஈறு நோய் எனக் காரணங்கள் பல உண்டு. அவற்றை அப்படியே விட்டுவிட்டு ஃப்ரீ ராடிக்கல்களை மட்டும் துரத்துவது, அடுப்பைத் தணிக்காமல் பொங்கி வழியும் பாலைத் துடைத்துக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும்.

சி.ஆர்.பி. என்பது அழற்சியின்போது கல்லீரல் மிகுதியாகச் சுரக்கும் ஒரு புரதம். சளிக் காய்ச்சலோ பல் சொத்தையில் சீழோ இருந்தாலும் அது ஏறும். எங்கே, எதனால் என்று அது சொல்லாது; ஆன்டிஆக்ஸிடன்ட் குறைவு என்பதை அதிலிருந்து படிக்கவே முடியாது. ஆகவே, வேறு நோய் ஏதும் இல்லாத நேரத்தில், இரண்டு வாரம் கழித்து ஒருமுறை மீண்டும் பார்ப்பது நல்லது.

காப்ஸ்யூலைப் பற்றி எனக்குத் தயக்கம் வந்தது இன்று நேற்றல்ல. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளியானபோது, நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்துக்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மாறாக 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 35,000 ஆண்களுக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வில், வைட்டமின் ஈ மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்ட பிரிவில் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகரித்தது 2011-இல் தெரியவந்தது. இதே சத்துகள் காய்கனியாக உள்ளே போகும்போது இத்தகைய தீங்கு காணப்படவில்லை.

ஏனெனில் உணவு ஒற்றைச் சத்தாக வேலை செய்வதில்லை. கேழ்வரகை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாலிஃபீனால்கள் என்னும் ஆன்டிஆக்ஸிடன்ட் சத்துகள் பெரும்பாலும் அந்தச் செம்பழுப்புத் தோலில்தான் இருக்கின்றன; நார்ச்சத்தும் அங்கேதான் மிகுதி. அந்த நாரைக் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து பியூட்டிரேட் என்னும் அமிலத்தைத் தருகின்றன. குடலின் உட்சுவரைக் காத்து அழற்சியைத் தணிப்பதில் அதற்குப் பங்குண்டு. களி வழவழப்பாக வரவேண்டும் என்று மாவை மெல்லிய சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் தவிட்டை மாட்டுக்கு வைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மாட்டுக்கு யோகம்தான், நீங்கள் சலிக்காமல் கிளறுங்கள். ராயக்கோட்டைச் சந்தையில் விலை இறங்கும் நாளில் தக்காளியை எண்ணெய் விட்டு வதக்கித் தொக்காக்கி வைத்தால், அதிலுள்ள லைகோபீன் என்னும் சிவப்பு நிறச் சத்தைப் பச்சைத் தக்காளியை விட உடல் நன்றாக ஏற்கும். ஆனால் தாயாருக்குச் சர்க்கரை இருந்தால் களி உருண்டையின் அளவு முக்கியம். 'கேழ்வரகு தானே' என்று இரண்டு பெரிய உருண்டைகள் உண்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன்: குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீரா? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி என்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஃப்ளோரைடு உள்ள நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பல்லில் மஞ்சள், பழுப்புக் கறை மட்டுமல்ல, அளவு கூடக் கூட முதுகும் மூட்டுகளும் விறைத்து வலிக்கும். அதை மூட்டுத் தேய்மானம் என்று எண்ணிவிடுவது எளிது. காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் நீரைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் மடங்க மறுத்தால் அது முடக்குவாதமாகவும் இருக்கலாம். அதற்கு எந்த உணவும் மருந்துக்கு மாற்றாகாது.

கேள்வி: மாம்பழச் சீசன் வந்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கட்டியும் புண்ணும் வருகிறது. மாம்பழம் அழற்சியைத் தூண்டுமா?
— வாசகர், போச்சம்பள்ளி

பதில்: உதட்டோரம் எரிந்து புண்ணானால் குற்றவாளி பழமல்ல, காம்பில் வடியும் மாங்காய்ப் பால். அது தோலில் படும்போது ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கவல்லது. காயைப் பறித்துக் கூடையில் அடுக்குபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பழத்தைச் சிறிது நேரம் நீரில் போட்டு, காம்புப் பகுதியை வெட்டி நீக்கி, தோலைச் சீவிவிட்டு உண்ணுங்கள். கட்டி என்பது பெரும்பாலும் பாக்டீரியாவால் வருவது, வெயிலும் வியர்வையும் அதற்குத் துணை. திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரைப் பரிசோதனை அவசியம். பழத்தில் கரோட்டினும் வைட்டமின் சி-யும் உண்டு. பாட்டில் மாம்பழச் சாற்றில் சர்க்கரைதான் மிகுதி.

கேள்வி: மஞ்சள் பாலில் மிளகு சேர்த்தால் மூட்டுவலி தீருமா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: மஞ்சள்தூளில் அதன் முக்கியச் சத்தான குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம்தான், அதிலும் மிகக் குறைவாகவே ரத்தத்தில் சேர்கிறது. மிளகிலுள்ள பைப்பரின் அதைப் பன்மடங்கு கூட்டுவதாக 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் அவர்கள் கொடுத்தது 2 கிராம் குர்குமின், உங்கள் டம்ளரில் அரைத் தேக்கரண்டி மஞ்சள். பால் இதமாக இருந்தால் குடியுங்கள். மஞ்சள் மாத்திரையை மட்டும், குறிப்பாக ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.