அதற்கு ஒரு நாள், நமக்கு ஒரு மாதம்

டெல்லித் தமிழர் வீடுகள் சிலவற்றில் இப்போது கொறித்துத் தின்னும் சின்னப் பிராணிகளான ஹாம்ஸ்டரும் கினி பிக்கும் செல்ல எலிகளும் வளர்கின்றன. சின்ன ஃப்ளாட், பகல் முழுக்க ஆள் இல்லாத வீடு, அதற்கு இவைதான் தோது என்று வாங்குகிறார்கள். சின்னப் பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவராக எனக்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எங்கள் கினி பிக் நேற்றுக் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. ஜுரமாக இருக்கும் என்று வீட்டில் மிச்சமிருந்த அமாக்ஸிசிலின் மாத்திரையில் கால் பங்கு கரைத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை டாக்டரிடம் போகலாமா? – மயூர் விஹார் வாசகி

திங்கட்கிழமை வரை வேண்டாம் அம்மா, இன்றே கிளம்புங்கள். இந்தக் கடிதத்துக்கு அன்றைக்கே போனில் பதில் சொல்லிவிட்டேன். எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

கினி பிக்கின் குடல் ஓய்வே இல்லாமல் ஓட வேண்டிய குடல். அரை நாள் தீனி இறங்கவில்லை என்றாலே குடல் மந்தமாகும், வாயு சேரும், வலிக்கும். வலியால் இன்னும் சாப்பிடாது. இந்தச் சுழலில் 24 மணி நேரம் போனால் உயிருக்கே ஆபத்து. சராசரியாக இரண்டு வருடம் வாழும் ஹாம்ஸ்டருக்கு ஒரு நாள் என்பது நம் ஆயுள் கணக்கில் ஒரு மாதத்துக்கும் மேல். கினி பிக் ஐந்து முதல் எட்டு வருடம் இருக்கும், அதற்கும் கிட்டத்தட்ட பத்து நாள். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று நாம் சொல்லும்போது அத்தனை நாள் தள்ளிப்போடுகிறோம்.

அடுத்து அந்த மாத்திரை. அமாக்ஸிசிலின் பென்சிலின் வகையைச் சேர்ந்தது. பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் கினி பிக், ஹாம்ஸ்டர் இரண்டுக்குமே விஷம் மாதிரி. குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, நச்சு சுரக்கும் கிருமிகள் பெருகிவிடும். டாக்டரிடம் போனதும் முதல் வார்த்தையாக 'இந்த மாத்திரை கொடுத்தேன்' என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

போகும் வரை, வயிறு உப்பி மத்தளம் மாதிரி இல்லையென்றால் மட்டும், அதன் பெல்லெட் தீனியை வெந்நீரில் ஊறவைத்து மசித்து, ஆறியதும் ஊசியில்லாத சிரிஞ்சில் வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பியிருந்தால் எதையும் திணிக்க வேண்டாம்.

பிழைத்து வந்த பிறகு ஒரு விஷயம். நம்மைப் போலவே கினி பிக்காலும் உடம்பில் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. ஒரு கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். குடைமிளகாய்த் துண்டு, கொஞ்சம் கொய்யா, கொத்தமல்லி, எப்போதும் கைக்கெட்டும்படி காய்ந்த புல், இவை போதும். தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பதை நம்பாதீர்கள், வெளிச்சம் பட்டாலே வீரியம் போய்விடும்.

என் எலியின் கண்ணிலும் மூக்கிலும் ரத்தம் கசிகிறது. மூச்சு விடும்போது டக் டக் என்று சத்தம். – முனிர்கா, கல்லூரி மாணவர்

தம்பி, அது பெரும்பாலும் ரத்தம் இல்லை. எலியின் கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பி விடும் சிவப்பு நீர். கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் காட்டினால் இளஞ்சிவப்பாக ஒளிரும். உடம்புக்கு முடியவில்லை, மனது சரியில்லை என்பதற்கு எலி காட்டும் அடையாளம் இது.

சத்தம்தான் முக்கியம். செல்ல எலிகளில் பெரும்பாலானவற்றின் நுரையீரலில் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி பிறந்ததிலிருந்தே குடியிருக்கும். கூண்டில் மூத்திர நெடி ஏறினாலோ, கொசுவர்த்தி, ஊதுபத்தி, நவம்பர் மாத டெல்லிப் புகை பட்டாலோ அது கிளம்பும். முழுதாக ஒழிக்க முடியாது. ஆனால் டாக்டர் தரும் மருந்தால் பல மாதம் நிம்மதியாக வைத்திருக்க முடியும்.

ஜனவரி குளிரில் எங்கள் ஹாம்ஸ்டர் ஒரு ராத்திரி சில்லென்று அசையாமல் கிடந்தது. காலையில் விறைத்து, கால் நீட்டியபடி இருந்தது. புதைத்துவிட்டோம். குளிரில் ஹாம்ஸ்டர் செத்தது போலத் தூங்கும் என்று இப்போதுதான் படித்தேன். உயிரோடு புதைத்துவிட்டோமோ என்று நான்கு மாதமாகத் தூக்கமில்லை. – கரோல் பாக் வாசகர்

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரிதான் பதில்: 'காலையில் விறைத்து, கால் நீட்டியபடி இருந்தது.' குளிர் உறக்கத்தில் இருக்கும் ஹாம்ஸ்டர் சுருண்டு கிடக்கும், உடம்பு வளையும், எப்போதாவது ஒரு மூச்சு ஓடும், மீசை துடிக்கும். கால் நீட்டிக் கட்டை போல விறைப்பது இறந்து சில மணி நேரம் கழித்து வருவது. அது ராத்திரியே போய்விட்டது. நீங்கள் உயிரைப் புதைக்கவில்லை.

மற்றவர்களுக்கு: டெல்லியில் ராத்திரி 4, 5 டிகிரிக்கு இறங்கும்போது, சுருண்டு கிடக்கும் ஹாம்ஸ்டரை உடனே முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். உள்ளங்கையில் வைத்து, துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டில் பக்கத்தில் மெதுவாகச் சூடேற்றுங்கள். ஹீட்டர் முன்னால் வைக்க வேண்டாம். அப்படியே டாக்டரையும் கூப்பிடுங்கள்.

1930-இல் சிரியாவின் அலெப்போ பக்கம் வயலில் தோண்டி எடுத்த ஒரு தாயும் குட்டிகளும்தான் இன்று வீடுகளில் வளரும் பெரும்பாலான பொன்னிற ஹாம்ஸ்டர்களின் மூதாதை. மண்ணுக்கடியில் குளிரும் வெயிலும் எட்டாத வளையில் வாழ்ந்த ஜீவன் அது. நாம் அதைப் பால்கனிக் கம்பிக் கூண்டில் வைக்கிறோம். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இரண்டுக்குமே அறைக்குள் கொண்டுவாருங்கள்.

என் பெண் எலிக்கு இரண்டேகால் வயது. மார்பில் எலுமிச்சை அளவு கட்டி, புண்ணாகிவிட்டது. மூச்சு வாங்குகிறது. ஊசி போட்டுத் தூங்க வைக்கலாம் என்கிறார் டாக்டர். பாவம் இல்லையா? – ஜனக்புரி வாசகி

எலிக்கு வரும் மார்புக் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, சிறிதாக இருக்கும்போதே அறுத்து எடுத்துவிடலாம். உங்கள் எலிக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இந்த வயதில், இந்த மூச்சில் மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்வது அதற்குக் கொடுமை.

பாவமா என்றால், என் மனசாட்சிப்படி இல்லை. மூச்சுக்குத் திணறுவது வலியை விடப் பயங்கரமானது. முதுகைக் கூன்போட்டு, ரோமத்தைச் சுத்தம் செய்யாமல், பிடித்த தீனியை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? அப்படியென்றால் காத்திருப்பது நமக்காகத்தான், அதற்காக இல்லை. ஒன்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: முதலில் மயக்க வாயு, அது நன்றாக மயங்கிய பிறகே ஊசி. உங்களால் முடிந்தால் மயங்கும் வரை பக்கத்தில் இருங்கள். முடியாவிட்டாலும் குற்றமில்லை.

கினி பிக் செத்ததை ஆறு வயது மகளிடம் 'தூங்கிப் போச்சு' என்று சொன்னோம். இப்போது அவள் படுக்கவே பயப்படுகிறாள். – ஆர்.கே. புரம்

இன்றைக்கே திருத்திச் சொல்லிவிடுங்கள். 'செத்துப்போச்சு. அதன் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. இனி மூச்சு விடாது, வலிக்காது, திரும்பி வராது. தூங்குவது வேறே, நாம் தூங்கினால் எழுந்திருப்போம்.' இவ்வளவுதான். ஓடிப்போச்சு என்றோ, அதே நிறத்தில் வேறொன்றை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றியோ ஏமாற்ற வேண்டாம். குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் நம் பேச்சை நம்ப மாட்டார்கள்.

மிச்சம் ஒரு கினி பிக் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் தேடும். தொற்று நோயால் சாகவில்லை என்றால், அடுத்த முறை உடலைச் சிறிது நேரம் துணைக்கு மோந்து பார்க்கக் கொடுங்கள். தனியாக விடக்கூடாத பிராணி அது. சில வாரத்தில் சாப்பாடு குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு துணை தேடுங்கள்.

என் ஹாம்ஸ்டர் மிளகு செத்துடுச்சு. முந்நூறு ரூபா எலிக்கா அழுவேன்னு மாமா சிரிக்கிறார். எங்க புதைக்கிறது? – ஏழாம் வகுப்பு மாணவன்

கண்ணா, முந்நூறு ரூபாய் கடைக்காரனுக்குக் கொடுத்தது. ராத்திரி நீ படிக்கும்போது பக்கத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த மிளகுக்கு அந்தக் கணக்கு கிடையாது. நன்றாக அழு.

வீட்டில் தோட்டம் இல்லை என்றால் ஒரு பெரிய மண் தொட்டி போதும். பருத்தித் துணியில் சுற்றி, ஆழமாக மண் போட்டு, மேலே துளசியோ சாமந்தியோ நடு. பார்க்கில் மேலோட்டமாகப் புதைத்தால் நாய் தோண்டிவிடும். கையைச் சோப்பு போட்டுக் கழுவு. கூண்டை அப்பாவிடம் கொடுத்து வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைக்கச் சொல். இன்னொன்று எப்போதாவது வளர்த்தால், வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை பார்த்து நோட்டில் எழுதி வை. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றைக்கே டாக்டர். இப்பிராணிகள் நோயை மறைத்தே பழகியவை, தராசு மட்டும்தான் முன்னாலேயே சொல்லும். மிளகின் பெயரையே அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்.