அம்மாவின் மிதிமெசினை விற்கலாமா?

கேள்வி: பழஞ்சேலைகளை அடுக்கிப் போர்வை தைக்க விரும்புகிறேன். அம்மா தந்த மிதிமெசினை விற்றுவிட்டு எம்பிராய்டரி மெசின் வாங்கலாமா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை.

பதில்: தயவுசெய்து விற்காதீர்கள், சகோதரி. தனி எம்பிராய்டரி மெசின், துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்துக்குள் அடங்கும் பூவேலைக்கே உரியது. சிறிய வகைகளில் அந்த வளையம் பெரும்பாலும் 10 சென்ரிமீற்றர் சதுரம்தான். அடுக்குத் துணிக்கு, மெதுவாக மிதித்து ஓட்டக்கூடிய உங்கள் மெசினே ஏற்றது. ஊசியை 16ஆம் இலக்கத்துக்கு மாற்றி, தையல் நீளத்தை 3 மில்லிமீற்றராக்கி, துணியை அழுத்திப் பிடிக்கும் மெசின் பாதத்தின் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்தால், மேல்துணி பின்தங்கிச் சுருங்குவது பெரிதும் குறையும். உப்புக் கடற்காற்று இரும்பை அரிக்குமாதலால், தைத்து முடிந்ததும் நூல்தூசியைத் துடைத்து, மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டு மூடி வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து இறுகிவிடும்; அதை ஒருபோதும் விடாதீர்கள்.