பிரெஞ்சு டீச்சராக ஒரு லட்சம் கட்ட வேண்டுமா?

கேள்வி: சேலம் கோரிமேட்டில் இருக்கிறேன். பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்து, பிரெஞ்சில் டெல்ஃப் ஏ2 பாஸ் செய்திருக்கிறேன். சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஆறாவது முதல் பத்தாவது வரை பிரெஞ்சு நடத்த ஆசை. புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் அகாடமியில் ‘அயல்மொழி ஆசிரியர் டிப்ளமோ’வும் வெளிமாநில பி.எட்.டும் சேர்த்து ஒரு லட்சம் என்கிறார்கள். பி.எட்.டுக்குப் பரீட்சை எழுத மட்டும் போனால் போதுமாம். பக்கத்து வீட்டு அக்காவும் வீட்டிலிருந்தே பி.எட். முடித்தவர்தான். முன்பணம் ஐந்தாயிரமும் அசல் மார்க் ஷீட்டும் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா.

உங்களுக்குத் தேவையானவை இரண்டு சான்றுகள். பிரெஞ்சு தெரியும் என்பதற்கு ஒன்று, வகுப்பு நடத்தப் பயிற்சி பெற்றவர் என்பதற்கு இன்னொன்று. முதலாவது டெல்ஃப். பிரான்ஸ் நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் சான்று அது. ஒருமுறை பாஸ் செய்தால் ஆயுள் முழுக்கச் செல்லும். இரண்டாவது பி.எட். அந்த அகாடமியின் டிப்ளமோ இந்த இரண்டில் எதுவும் இல்லை. எந்தப் பள்ளியும் அதைத் தகுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏ2 சான்றும் இப்படி ஒரு டிப்ளமோவும் இருந்தால் சில பள்ளிகள் குறைந்த சம்பளத்துக்கு வேலை கொடுத்துவிடுகின்றன என்பது உண்மைதான். தகுதியுள்ள ஒருவர் வந்ததும் அந்த வேலை போய்விடும்.

ஏ2 வைத்துக்கொண்டு பத்தாம் வகுப்புக்கு நடத்த முடியாது. அதற்கு இரண்டு படி மேலே இருக்கும் பி2 வரை போங்கள். அந்தத் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் பாஸ். ஆனால் ஏதாவது ஒரு பகுதியில் 5-க்குக் கீழே போனால் மற்றதில் எவ்வளவு எடுத்திருந்தாலும் ஃபெயில். எழுத்தில் ஒரு மணி நேரத்துக்குள் 250 சொற்களில் உங்கள் கருத்தை வாதிட வேண்டும். பேச்சுக்கு 30 நிமிடம் தயார் செய்துகொண்டு 20 நிமிடம் பேச வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் கோட்டை விடுவது பெரும்பாலும் கேட்டலில்தான். டியூஷன் ஆசிரியரின் குரலைத் தவிர வேறு பிரெஞ்சுக் குரல் அவர்கள் காதில் விழுந்திருக்காது. ஆர்.எஃப்.ஐ. என்கிற பிரான்ஸ் நாட்டு வானொலி எளிய பிரெஞ்சில் தினமும் செய்தி தருகிறது, இலவசம்தான். அதை இன்றே கேட்கத் தொடங்குங்கள். பாடத்தைச் சேலத்திலேயே படிக்கலாம். தேர்வுக்குச் சென்னையில் உள்ள பிரெஞ்சு மொழி மையமான அலியான்ஸ் பிரான்சேஸில் பதிவு செய்யுங்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிவதற்குள் சென்னை. ‘டெல்ஃப் சர்டிஃபிகேட்டை நாங்களே வாங்கித் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இனி பி.எட். 2015 முதல் இது இரண்டு வருடப் படிப்பு. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமமான என்.சி.டி.இ.யின் விதிப்படி ஆண்டுக்கு 200 வேலை நாள், வகுப்புக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் ஒரு பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்தியாக வேண்டும். பரீட்சைக்கு மட்டும் வாருங்கள் என்று சொல்கிற கல்லூரி இந்த 16 வாரத்தை எப்படிக் கணக்குக் காட்டும்? பொய்க் கையெழுத்துப் போட்டுத்தான். அந்தப் பொய் நாளைக்கு உங்கள் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளிவந்தால், மாட்டிக்கொள்வது ஏஜென்ட் இல்லை, நீங்கள்.

அப்படியானால் பக்கத்து வீட்டு அக்கா எப்படி முடித்தார் என்று கேட்பீர்கள். ஏஜென்ட்கள் எல்லோரும் பிடித்துக்கொள்கிற விதிவிலக்கு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இக்னோவும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தொலைநிலையில் பி.எட். நடத்துகின்றன. இரண்டும் முறையானவை. ஆனால் அவை ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கானவை. அதாவது, தொடக்கப் பள்ளி ஆசிரியர் பட்டயப் பயிற்சியை நேரடி வகுப்பில் முடித்தவர்கள், அப்படிப் பயிற்சி பெற்றுப் பணியில் இருப்பவர்கள். அந்த அக்காவிடம் கேட்டுப் பாருங்கள், பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் போயிருப்பார். உங்களிடம் வெறும் பி.ஏ. மட்டும் இருக்கும்போது அந்த வழி உங்களுக்கு இல்லை. எங்கேயாவது டியூஷன் எடுத்த அனுபவச் சான்று வாங்கி வைத்தாலும் இல்லை. அந்த அனுபவச் சான்றையும் விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்.

ஆகவே சேலம் பக்கத்திலேயே நேரடிக் கல்லூரியில் சேருங்கள். சேருமுன் என்.சி.டி.இ. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா, தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கல்லூரிக்காரர் காட்டும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம்.

அங்கே பிரெஞ்சு கற்பிக்கும் முறை என்று ஒரு பாடத்தை எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் எடுக்கப்போவது ஆங்கிலம் கற்பித்தல். பிரெஞ்சை விருப்ப மொழியாக வைத்திருக்கும் மாநிலத்தில், அதைக் கற்பிக்க ஆசிரியரைத் தயார் செய்ய வேண்டும் என்று இத்தனை வருடமாக யாருக்கும் தோன்றவில்லை. அடுத்தது டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு. ஆறு முதல் எட்டு வரை நடத்த அது வேண்டும். மத்திய அளவில் நடக்கும் சிடெட்டும் எழுதலாம். இரண்டாம் தாளின் 150 மதிப்பெண்ணில் 60 மதிப்பெண் கணிதம்–அறிவியலிலோ சமூக அறிவியலிலோ வரும். பிரெஞ்சு டீச்சர் மொகலாயர் வரலாற்றைப் படித்துத்தான் தகுதியை நிரூபிக்க வேண்டும். எனக்கு இதில் உடன்பாடே இல்லை, ஆனால் விதி அதுதான். சமூக அறிவியலை எடுத்துக்கொள்ளுங்கள், பள்ளிப் புத்தகங்களே போதும்.

ஆங்கிலம் கற்பித்தல் உங்களுக்கு நஷ்டமில்லை. மூன்று மொழியில் குறைந்தது இரண்டு இந்திய மொழியாக இருக்க வேண்டும் என்கிறது 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை. அது இறுகினால் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பிரெஞ்சு பீரியடுகள் குறையும். அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் பணியிலும் பிரெஞ்சுக்கு இடமில்லை. அப்போது ஆங்கிலமும் நடத்தத் தகுதியுள்ளவரைத்தான் பள்ளி வைத்துக்கொள்ளும். நேர்காணலுக்கு ஏற்காட்டு விடுதிப் பள்ளிக்குப் போனாலும் சரி, கீழே சேலத்தில் என்றாலும் சரி, பிரெஞ்சு எத்தனை செக்‌ஷன், அடுத்த வருடமும் தொடருமா என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், நாளைக்கே அப்பாவையோ அண்ணனையோ அழைத்துக்கொண்டு போய் மார்க் ஷீட்டை வாங்குங்கள். ஐந்தாயிரம் வந்தால் நல்லது, வராவிட்டாலும் அதற்காக மீதியைக் கட்டிவிடாதீர்கள். மார்க் ஷீட்டைத் தர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். புகார் என்றதும் பெரும்பாலும் அன்று மாலையே கொடுத்துவிடுவார்கள்.