பட்டறைக் கேள்வி பதில்: பிரைமர் ஏன் இறங்க மறுக்கிறது?

கேள்வி: அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் வசிக்கிறேன். வார இறுதிகளில் பிஸ்டல் போட்டிகளில் சுடுபவன். எனக்கு வேண்டிய 9 மி.மீ. தோட்டாக்களை வீட்டுக் கராஜில், நான்கு நிலைகள் கொண்ட புரோகிரஸிவ் பிரஸ் (எல்லா வேலையையும் ஒரே ஓட்டத்தில் செய்யும் கைப்பிடி எந்திரம்) ஒன்றில் நானே மறுநிரப்பிக் கொள்கிறேன், அதாவது சுட்ட கூடுகளில் புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்துக் கொள்கிறேன். முதல் இரண்டாயிரம் தோட்டாக்கள் வரை ஒரு தொல்லையும் இல்லை. இப்போது முப்பது நாற்பதுக்கு ஒருமுறை, தோட்டாவின் அடியிலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் வராமல் போகிறது. ஒருமுறை தவறிவிட்டால் அடுத்த பத்துக்குள் இன்னும் இரண்டு மூன்று தவறுகின்றன. பிரைமர்கள் அடுக்கியிருக்கும் குழாயில் கடைசி நாலைந்து இறங்குவதே இல்லை. இரண்டு முறை பிரைமர் பக்கவாட்டில் படுத்து நசுங்கியது. பிரைமரைக் குழாயடியிலிருந்து கூட்டுக்குக் கொண்டுபோகும் ஸ்லைடுக்கு எண்ணெய் விட்டேன். இரண்டு நாள் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு முன்னைவிட மோசமாயிற்று. எந்த உதிரியை மாற்ற வேண்டும்?

பதில்: உதிரி எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கும் ஒரு வரியைத் திரும்பப் படியுங்கள்: "ஒருமுறை தவறிவிட்டால் அடுத்த பத்துக்குள் இன்னும் இரண்டு மூன்று தவறுகின்றன." தேய்ந்துபோன உதிரி இப்படிக் கொத்துக் கொத்தாகத் தவறச் செய்யாது. முதல் தவறு தன் பின்னால் எதையோ சிந்திவிட்டுப் போகிறது, மற்றவை அதில் இடறுகின்றன என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

சிந்துவது வெடிமருந்து. பிரைமர் பதியாத கூடு அடுத்த நிலைக்கு நகர்ந்ததும் அதற்கும் வழக்கம்போல மருந்து கொட்டப்படுகிறது. கூட்டின் அடியில் நெருப்பு ஏறுவதற்காக ஏறத்தாழ 2 மி.மீ. அகலத்தில் ஒரு துளை இருக்கிறது. அதை மூடிக்கொள்ள வேண்டிய பிரைமர் இல்லாததால், பிஸ்டலுக்கு நாம் பயன்படுத்தும் பொடி மருந்து, குறிப்பாக உருண்டை மணியாக இருக்கும் வகை, அந்தத் துளை வழியே மணல் கடிகாரத்தில் மணல் இறங்குவதுபோல கூடுகளைத் தாங்கிச் சுழலும் தட்டான ஷெல்பிளேட்டின் மேல் வழிகிறது. அங்கிருந்து அது பிரைமர் ஸ்லைடு ஓடும் தடத்துக்குள் போகிறது. நாலைந்து மணிகள் தடத்தின் கடைக்கோடியில் சேர்ந்துவிட்டாலே ஸ்லைடு பின்னோக்கிப் போகும்போது குழாயின் வாய்க்கு நேராக வந்து நிற்காது. முடி அளவு முன்னால் நின்றாலும் போதும், பிரைமர் விழாது. அடுத்த கூடும் வெறுமையாகப் போகும், அதிலிருந்தும் மருந்து சிந்தும். எண்ணெய் விட்டது இந்த இடத்தில்தான் கெடுதலாகிவிட்டது: வறண்ட தடத்தில் மணிகள் தாமே உருண்டு வெளியேற வாய்ப்பு இருந்தது, எண்ணெய் அவற்றையும், பழைய பிரைமர்களிலிருந்து உதிரும் கரியையும், கூடுகளைத் துலக்கப் பயன்படும் சோளத்தக்கைத் தூளையும் ஒன்றாகக் குழைத்து ஒட்டவைத்திருக்கும். ஸ்லைடின் தடம் உலர்ந்தே இருக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை துப்புரவு. ஆனால் அதற்கு முன்னால் பிரஸ்ஸை வெறுமையாக்குங்கள். மருந்துப் புட்டியைக் கழற்றி மூடி வையுங்கள். பிரைமர் குழாயில் மிச்சம் இருப்பவற்றைத் தட்டில் கவிழ்த்து எடுத்துவிடுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், சுடும்போது அணிகிற அதே கண்ணாடி போதும். பிரைமர் என்பது ஒரு சிறு உலோகக் கிண்ணம், அதன் உள்ளே லெட் ஸ்டிஃப்னேட் என்னும் ஈயச் சேர்மம் கலந்த வெடிகலவை, அதன் மேல் அது அடிபட்டு நசுங்குவதற்கு ஒரு குட்டிப் பட்டடை, அவ்வளவுதான். தீபாவளிக்குப் பொட்டு வெடியைக் கல்லில் வைத்துத் தட்டியவர்களுக்கு இது வேலை செய்யும் விதத்தை விளக்க வேண்டியதில்லை. வேறுபாடு என்னவென்றால், இங்கே நூறு பிரைமர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே குழாயில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று வெடித்தால் மற்றவை சேர்ந்தே வெடிக்கக்கூடும். குழாயைச் சுற்றி இன்னொரு எஃகுக் குழாய் வைத்திருப்பது அந்த வெடிப்பைப் பக்கவாட்டில் விடாமல் மேல்நோக்கித் திருப்புவதற்காகத்தான். எனவே எவ்வளவு அவசரமானாலும் குழாயின் வாய்க்கு மேல் முகத்தை நீட்டிப் பார்க்காதீர்கள். சிக்கிய பிரைமரைக் கம்பியால் குத்தி இறக்க முயலவும் வேண்டாம்.

இப்போது ஸ்லைடைக் கழற்றுங்கள். அதையும் அது ஓடும் தடத்தையும் உலர்ந்த துணியாலும் ஆல்கஹால் தொட்ட பஞ்சாலும் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, விளக்கைச் சாய்வாகப் பிடித்து மூலைகளைப் பாருங்கள். என் பிரஸ்ஸில் ஒருமுறை இதே கோளாறுக்காக மூன்று வாரம் ஒவ்வோர் உதிரியாக மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் தடத்தின் பின்மூலையில் கிடைத்தது, எரிந்துபோன ஏதோ ஒரு பழைய பிரைமரிலிருந்து கழன்று விழுந்த பட்டடை. அரிசி மணியைவிடச் சிறிய, மூன்று கால் கொண்ட தகடு. கரியோடு கரியாக ஒட்டிக்கொண்டிருந்ததால் விரலால் தடவியபோதுதான் தட்டுப்பட்டது. வாங்கிய உதிரிகள் எல்லாம் இன்னும் ஒரு டப்பாவில் பிரிக்காமல் இருக்கின்றன.

துடைத்து மாட்டிய பிறகும் தவறுகள் தொடரலாம். ஏனென்றால் அந்த முதல் தவறுக்கு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும், அதை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நான் முதலில் சந்தேகிப்பது குழாயின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூக்கை. ஒரு நேரத்தில் ஒரே பிரைமரை விடுவிப்பது அதன் வேலை. அதன் மெல்லிய இதழ்கள் நாளாவட்டத்தில் விரியும், பிளவுபடும், அல்லது குழாயை மாற்றும்போது எங்காவது இடித்து உள்நோக்கி மடியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரியும். மடிந்த இதழில் பிரைமர் ஒரு பக்கமாகத் தொங்கி, சாய்ந்து விழும். நீங்கள் சொன்ன பக்கவாட்டு நசுங்கலுக்கு இது ஒரு காரணம். நீங்கள் வாங்க வேண்டிய உதிரி ஒன்று உண்டென்றால் அது இந்த மூக்குதான். விலை அதிகமில்லை, நான் எப்போதும் இரண்டு கையிருப்பு வைத்திருப்பேன்.

நசுங்கலுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். சுடுதளத்தில் கீழே கிடக்கும் கூடுகளையும் பொறுக்கிச் சேர்ப்பீர்கள் என்று நினைக்கிறேன், யார்தான் சேர்ப்பதில்லை? அவற்றில் இராணுவத்துக்கென்று செய்யப்பட்ட 9 மி.மீ. கூடுகள் கலந்திருக்கும். அவற்றில் பிரைமர் கழன்றுவிடாமலிருக்க, அது உட்காரும் குழியின் விளிம்பை உள்நோக்கி நெரித்திருப்பார்கள். பழைய பிரைமரை வெளியே தள்ளிய பிறகும் அந்த நெரிப்பு அப்படியே இருக்கும். புதிய பிரைமர் அதில் முட்டிச் சாயும். நசுங்கிய இரண்டு கூடுகளையும் எறியாமல் வைத்திருந்தால் அடிப்புறத்தைப் பாருங்கள். குழியைச் சுற்றி ஒரு வளையத் தழும்பு தெரிந்தால் குற்றம் பிரஸ்ஸினுடையது அல்ல. அத்தகைய கூடுகளைத் தனியே பிரித்து, விளிம்பைச் சீவிவிட்டோ அழுத்தி விரித்துவிட்டோ பயன்படுத்துங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

கடைசி நாலைந்து பிரைமர்கள் இறங்காதது தனிக்கதை. குழாய் நிரம்பியிருக்கும்போது மேலே இருப்பவற்றின் எடையே கீழே இருப்பதைத் தள்ளிவிடுகிறது. கடைசியில் அந்த எடை இல்லை. அதற்காகத்தான் குழாய்க்குள் மேலிருந்து ஒரு நீளக் குச்சி இறக்கப்படுகிறது. உங்களிடம் அந்தக் குச்சி வளைந்திருக்கிறதா, குழாயின் உட்சுவரில் உரசுகிறதா என்று பாருங்கள். பீனிக்ஸின் வறண்ட காற்றில் நிலைமின்சாரமும் சேர்ந்துகொள்ளும். பிரைமர்களைப் புரட்டும் பிளாஸ்டிக் தட்டில் அவை ஒட்டிக்கொள்வதை நீங்களே கவனித்திருப்பீர்கள். துணி உலர்த்தும் எந்திரத்தில் போடும் ஷீட்டால் தட்டைத் துடைப்பதும், பிரஸ்ஸின் உடலிலிருந்து ஒரு கம்பியைத் தரையிணைப்புக்குக் கொடுப்பதும் பலர் கடைப்பிடிக்கும் வழக்கம். இறங்குவதற்கு மட்டுமல்ல, பாதுகாப்புக்கும் இது நல்லது.

மேசையையும் பாருங்கள். கைப்பிடியை இழுக்கும்போது மேசை ஆடினால், ஸ்லைடு ஒவ்வொரு முறையும் சற்று வேறு இடத்தில் நிற்கும், மருந்தும் குலுங்கிச் சிந்தும்.

இத்தனையும் முடிந்த பிறகு சோதனை. மருந்து வேண்டாம், கூடும் வேண்டாம். குழாயில் பத்தே பத்து பிரைமர் போட்டு, குச்சியை இறக்கி, கைப்பிடியை வழக்கமான வேகத்தில் கீழே இழுத்து மேலே விடுங்கள். உங்கள் பிரஸ் வகையில், கைப்பிடி கீழே போகும்போது ஸ்லைடு குழாயடிக்குப் போய்ப் பிரைமரை எடுக்கிறது. கைப்பிடி மேலே திரும்பும்போது அதைக் கூட்டின் அடிக்குக் கொண்டுவருகிறது. கைப்பிடியை இன்னும் முன்னே தள்ளும்போதுதான் அது பதிகிறது. ஒவ்வோர் இழுப்புக்கும் ஸ்லைடின் நுனிக் கிண்ணத்தில் பட்டடை மேலே தெரிய ஒரு பிரைமர் வந்து நிற்க வேண்டும். அதைத் தள்ளாமல் கையால் எடுத்துவிட்டு அடுத்ததை இழுங்கள். இதை மூன்று முறை செய்து முப்பதும் வந்துவிட்டால் இறங்கும் பாதை சரி. அதற்குப் பிறகும் கோளாறு இருந்தால் அது பதிக்கும் இடத்தில் இருக்கிறது: ஷெல்பிளேட் தளர்ந்திருக்கலாம், அல்லது முன்தள்ளலை நீங்கள் அரைகுறையாக முடிக்கலாம். பதிந்த பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்கு ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு கீழே இருக்க வேண்டும். அளக்கக் கருவி தேவையில்லை. ஆள்காட்டி விரலைக் குறுக்கே ஓட்டினால் துருத்திக்கொண்டிருப்பது உடனே தெரியும்.

கேள்வி: நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். .45 ஏ.சி.பி. என்னும் பிஸ்டல் தோட்டாக்களில் சில நேரம் பிரைமர் பதியும்போது கைப்பிடி இடையில் நின்றுவிடுகிறது. பலம் கொடுத்துத் தள்ளலாமா?

பதில்: தள்ளவே தள்ளாதீர்கள். நிறுத்திவிட்டுக் கூட்டை வெளியே எடுத்து அடிப்புறத்தைப் பாருங்கள். .45 ஏ.சி.பி. நெடுங்காலம் பெரிய பிரைமரையே கொண்டிருந்தது. பிறகு சில தயாரிப்பாளர்கள் சிறிய பிரைமர் வைத்த கூடுகளையும் விற்கத் தொடங்கினார்கள், இன்று இரண்டும் கலந்தே கிடைக்கின்றன. பெரிய பிரைமர் ஏறத்தாழ 5.3 மி.மீ. விட்டம், சிறியது 4.4 மி.மீ. சிறிய குழியில் பெரியதை அழுத்தினால் வெடிகலவை உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையில் நசுங்கும். பிரஸ்ஸில் பிரைமர் வெடித்ததாகக் கேள்விப்படும் கதைகளில் இது அடிக்கடி வருகிறது. கூடுகளை நிரப்பத் தொடங்குவதற்கு முன்பே நல்ல வெளிச்சத்தில் தட்டில் பரப்பி, அடிப்புறம் மேலே தெரியும்படி நிறுத்தி, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. சலிப்பான வேலைதான், நான் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டே செய்கிறேன்.

நசுங்கிய பிரைமரை என்ன செய்வது என்றும் அடுத்து கேட்பீர்கள். தண்ணீரிலோ எண்ணெயிலோ ஊறப்போட்டால் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். காய்ந்த பிறகு உயிர் பெறுபவை உண்டு. அதை உயிருள்ளதாகவே கருதி, தனியே எடுத்துவைத்து, அபாயகரமான கழிவுகளை ஏற்கும் உங்கள் உள்ளாட்சி அமைப்பைக் கேளுங்கள். வேலை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கரியில் ஈயம் இருக்கிறது.

கேள்வி: கோயம்புத்தூரில் ரைஃபிள் கிளப் உறுப்பினர் நான். இந்தப் பக்கத்தைப் படித்து ஆசை வந்துவிட்டது. இங்கே வீட்டில் செய்யலாமா?

பதில்: கூடாது. அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்கு மறுநிரப்புவதற்கு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதானால்தான் தேவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி தோட்டா தயாரிப்பதற்கே உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்கு ஈடாகாது. தவிர, உங்கள் கிளப்பில் சுடுவது 10 மீட்டர் ஏர் ரைஃபிளாக இருந்தால் அதில் பிரைமரே இல்லை. 50 மீட்டருக்குப் பயன்படும் .22 தோட்டாவிலும் தனிப் பிரைமர் கிடையாது. வெடிகலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும், சுட்ட பிறகு அந்த விளிம்பு நசுங்கிப்போகும். மேலே சொன்ன பிரஸ் எதிலும் அதைத் திரும்ப நிரப்ப முடியாது.