மூச்சு வாங்கும்போது மனசு என்ன ஆகிறது? – கேள்வி பதில்

நுரையீரல் வார்டில் மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். மருந்து எழுதுவது டாக்டர்கள். நோயாளியோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவது என் வேலை. கேட்டவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). ராத்திரியில் மூச்சு முட்டுது என்று அலறுகிறார். விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் சரியாகத்தான் இருக்கிறது. வெறும் பயம்தானே?

பதில்: "வெறும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்றுதான் காட்டும். ஒரு மூச்சு விட அவர் எவ்வளவு பாடுபடுகிறார் என்பது அதில் தெரியாது. சி.ஓ.பி.டி.யில் காற்றுக்குழாய்கள் குறுகிப்போவதால், காற்றை வெளியே விடத்தான் அதிக நேரம் பிடிக்கும். பயம் வந்தால் மூச்சு வேகமாகும். வேகமானால் வெளியே விட நேரம் போதாது. பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுவதால் அடுத்த மூச்சுக்கு இடமிருக்காது. திணறல் கூடும், பயம் இன்னும் கூடும். இரண்டுமே நிஜம், ஒன்றையொன்று வளர்க்கின்றன.

அந்த நேரத்தில் "அமைதியா இருங்க" என்றால் யாராலும் இருக்க முடியாது. செய்வதற்கு ஏதாவது கொடுங்கள். முன்னால் சாய்ந்து, கைகளை மேசையிலோ தொடையிலோ ஊன்றச் சொல்லுங்கள். மூக்கால் இழுத்து, விளக்கை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக விடட்டும். இழுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு நேரம் விடுவதற்கு. கையில் பிடிக்கும் சின்ன மின்விசிறியை மூக்குக்கும் கன்னத்துக்கும் நேரே காட்டுங்கள். முகத்தில் காற்று படும்போது திணறல் உணர்வு குறைவது ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது. பேசவே முடியாத அளவு திணறல், நெஞ்சுவலி, உதட்டில் நீலம் என்றால் இதையெல்லாம் முயன்றுகொண்டிருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: நெபுலைசர் (மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சோடு இழுக்க வைக்கும் கருவி) வைத்ததும் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. பேனிக் அட்டாக்கா?

பதில்: அதில் காற்றுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் இருந்தால் பெரும்பாலும் மருந்தின் வேலை அது, கொஞ்ச நேரத்தில் அடங்கும். ஆனாலும் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நேற்றுவரை நன்றாகப் பேசிய அம்மா, இன்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். கூப்பிட்டால்கூடச் சரியாகப் பதில் இல்லை. மனச்சோர்வா?

பதில்: இதைப் படித்ததும் நர்ஸிடம் போய்ச் சொல்லுங்கள். மனச்சோர்வு ஒரே நாளில் இப்படி ஆளை மாற்றுவது அரிது. ஆக்சிஜன் குறைந்தாலும், கார்பன் டை ஆக்சைடு ஏறினாலும், கிருமித்தொற்று கூடினாலும் மூளை குழம்பும். டெலிரியம் என்பார்கள். கத்தி ரகளை செய்தால்தான் டெலிரியம் என்று பலர் நினைக்கிறார்கள். சத்தமில்லாமல் சுருண்டு படுப்பதும் அதில் ஒரு வகை. முதியவர்களிடம் யார் கண்ணிலும் படாமல் போவது இதுதான். "நேற்று இப்படி இல்லை" என்ற ஒரு வரி டாக்டருக்குப் பெரிய தகவல், அதை உங்களால்தான் சொல்ல முடியும். காரணத்துக்கு அவர்கள் சிகிச்சை செய்யட்டும். நீங்கள் அம்மாவின் கண்ணாடியையும் காது மெஷினையும் போட்டுவிடுங்கள், இன்று என்ன கிழமை என்று சொல்லுங்கள், பகலில் வெளிச்சம் வரட்டும்.

கேள்வி: ஆஸ்துமாவுக்கு அட்மிட் ஆன அண்ணன் தூங்குவதே இல்லை, எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார்.

பதில்: ஸ்டீராய்டு கொடுக்கிறார்களா என்று பாருங்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், மனநிலையை ஆட்டும். நாளுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் போனால் வாய்ப்பு கூடுகிறது. காலையிலேயே கொடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. அவர் பேசியதை மனசில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கேள்வி: மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு சிகிச்சையில் இருக்கிறேன். சில நாளாக உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

பதில்: என்னிடம் சொன்னீர்களே, நல்லது. இதையே இப்போது வார்டில் பணியில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். வாய்விட்டுச் சொல்ல வரவில்லையென்றால் இந்தக் கேள்வியை அப்படியே காட்டுங்கள். அதுவரை தனியாக இருக்காதீர்கள், யாரையாவது பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். உங்கள் மருந்துகளில் சைக்ளோசெரின் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுகள். அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ டாக்டரால் முடியும். இது உங்கள் கோழைத்தனம் இல்லை. தனிமை அறையும் நீண்ட சிகிச்சையும் யாரையும் வாட்டும்.

வீட்டாருக்கும் ஒன்று: "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேளுங்கள்.

கேள்வி: பயம் தணிய ஒரு தூக்க மாத்திரை கேட்கலாமா?

பதில்: வீட்டிலிருந்து கொண்டுவந்து போடாதீர்கள். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் பென்சோடயசெபைன் வகை மாத்திரைகள் மூச்சைத் தாழ்த்தக்கூடும், கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறவர்களுக்கு அது பெரிய ஆபத்து. பதற்றத்துக்கு வேறு மருந்துகளும் பேச்சு சிகிச்சையும் இருக்கின்றன. டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: பைபாப் (அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி மூச்சுவிட உதவும் கருவி) மாஸ்க்கைப் பார்த்தாலே கணவர் பிடுங்கி எறிகிறார்.

பதில்: மாஸ்க் சகிக்காதவர்கள் நிறையப் பேர். நர்ஸ் கூட இருக்கும்போது, பட்டையை மாட்டாமல் அவரே கையால் பிடித்து முகத்தில் வைத்துப் பழகட்டும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கலாமா, வேறு அளவு மாஸ்க் உண்டா என்று கேளுங்கள். அவசரமாகக் கழற்ற எதை இழுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாலே பலருக்குப் பாதி பயம் போய்விடுகிறது.

கேள்வி: டிஸ்சார்ஜ் ஆகப் போகிறேன். திரும்பத் திணறல் வந்துவிடுமோ என்று கழிவறைக்கு நடக்கக்கூடப் பயம்.

பதில்: நடக்காமலே இருந்தால் தசை தளரும், அப்புறம் குறைந்த நடைக்கே மூச்சு வாங்கும். அதனால் கிளம்பும் முன் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பரிந்துரை கேட்டு வாங்குங்கள். வழக்கமாக 6 முதல் 12 வாரம். கண்காணிப்பில் உடற்பயிற்சி, மூச்சுப்பயிற்சி எல்லாம் இருக்கும். சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் இதனால் குறைகின்றன. திணறல் வந்தால் எந்த இன்ஹேலர், எத்தனை முறை, எப்போது ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.