பீரோவிலிருந்து தோளுக்கு

ஏற்காட்டில் பழைய சேலை, சட்டை, கம்பளி உடைகளுக்கென்று சிறிய கடை நடத்தும் அம்மாப்பேட்டை நெசவாளர் வீட்டுப் பெண்மணி, இந்த ஐப்பசி இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அக்கா, 1974இல் எடுத்த என் அம்மாவின் கல்யாணப் பட்டு மடிப்பில் கீறிக்கொண்டு வருகிறது. தெருவில் வந்த பழைய பட்டு வாங்குபவர் நாலாயிரம் ரூபாய் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?
– வாசகி, ஆத்தூர்

கொடுக்காதீர்கள். அவருக்கு வேண்டியது சேலை அல்ல, ஜரிகையில் இருக்கும் வெள்ளி. நல்ல ஜரிகை என்பது சிவப்பு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசியது. அந்த வெள்ளிக்காகச் சேலையையே எரித்துவிடுவார்கள். என் அப்பா குழித்தறியில் உட்கார்ந்து நெய்வார், அம்மா பக்கத்தில் ஊடுநூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தருவார். ஒரு சேலை இறங்க இரண்டு பேருக்கும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்த எரிப்பைத் தாங்க முடிவதில்லை.

கீறல் ஏன் வந்தது என்றால், ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் மடித்து, மேலே பத்துச் சேலையை அடுக்கியிருப்பீர்கள். மடிப்பு விழுந்த கோட்டில்தான் பட்டு இழை ஒடியும். கட்டிலில் வெள்ளைப் போர்வை விரித்து, இரண்டு பேராகப் பிடித்துச் சேலையைப் பரப்புங்கள். கீறல் இல்லாத இடத்தில் இரு கட்டைவிரலாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். துணி தாங்கினால் கவலையில்லை. கீறல் விட்ட இடங்களில் மட்டும் பின்பக்கம் அதே நிற மெல்லிய பட்டுத் துண்டை வைத்துக் கையால் தைக்கச் சொல்லுங்கள். மெஷின் தையல் வேண்டாம், ஊசித் துளை வரிசையாக விழுந்து அதுவே அடுத்த கீறலாகும். ரோல் பாலிஷும் போடாதீர்கள், நைந்த பட்டு அந்தச் சூட்டையும் இழுப்பையும் தாங்காது. ஜரிகை கறுத்திருந்தால் அப்படியே இருக்கட்டும். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போடுவதுபோல இதற்கும் எதையாவது தேய்த்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள்.

இழுக்கும்போதே காகிதம்போலக் கிழிந்தால் சேலையின் உடல் பகுதி இற்றுப்போய்விட்டது என்று பொருள். அப்போதும் கரையும் முந்தியும் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். அவற்றைப் பிரித்து வேறு பட்டில் வைத்துத் தைக்கலாம், பேத்திக்குப் பாவாடை எடுக்கலாம். போன ஆவணியில் அப்படி ஒரு மாம்பழ நிறப் பாவாடை என் கடையிலிருந்து போனது. வாங்கியவர் பில் போடும்வரை அதைக் கீழே வைக்கவே இல்லை.

இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை இடம் மாற்றுங்கள். நன்றாக அலசிய பழைய மல் வேட்டியில் சுற்றி வையுங்கள். வருடத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரமாவது கட்டுங்கள். பிறகு நிழலில் காற்றாட விட்டு உள்ளே வையுங்கள்.

பாச்சை உருண்டை போடலாமா?
– வாசகர், ஓமலூர்

போடலாம், துணியில் முடிந்து மூலையில். ஜரிகையில் படக்கூடாது. நான் வசம்பும் உலர்ந்த நொச்சி இலையும் வைக்கிறேன். பூச்சி அடங்கியிருக்கிறது, மணமும் எனக்குப் பிடித்திருக்கிறது.

அம்மா, நான் படிப்பு முடித்துவிட்டேன். சேலத்தில் சின்னதாகப் பழைய உடைக் கடை வைக்க ஆசை. 'அடுத்தவர் உடுத்தியதை விற்றுப் பிழைப்பதா' என்று வீட்டில் வருத்தப்படுகிறார்கள். எவ்வளவு முதல் வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், அஸ்தம்பட்டி

தம்பி, முதலில் வீட்டில் இருப்பவர்களின் வருத்தம். அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: நீங்கள் பிறந்தபோது உங்களை எந்தத் துணியில் ஏந்தினார்கள்? புதுத் துணி பிள்ளையின் தோலை உறுத்தும் என்று, பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியில்தான் ஏந்தியிருப்பார்கள். தூளி கட்டியது பாட்டியின் நூல்சேலையாக இருக்கும். அடுத்தவர் உடுத்தியது நமக்கு அந்நியம் இல்லை. முகம் தெரியாதவர் உடுத்தியது என்பதுதான் தயக்கம். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அதனால் எனக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. துணி யாருடையது என்று கேட்காமல் வாங்குவதில்லை. காரியம் முடியாத வீட்டில் எடுப்பதில்லை. வீட்டில் ஒருவர் மனமில்லாமல் நின்றாலும் வெறுங்கையோடு திரும்பிவிடுவேன். உள்ளாடைகளைத் தொடுவதே இல்லை. துவைக்காமல் ஒரு நூல்கூடக் கடை அலமாரிக்குள் போகாது.

நான் 2014இல் 22,000 ரூபாயில் தொடங்கினேன். பாதி கடை அட்வான்ஸுக்குப் போனது. மீதியில் நாற்பது சேலையும் பதினைந்து சட்டையும் வாங்கினேன். பட்டுதான் விற்கும் என்று நினைத்திருந்தேன், அது மெதுவாகத்தான் போகிறது. வேகமாகப் போவது அகலக் காலர் வைத்த டெரிகாட்டன் சட்டை, கைத்தறி நூல்சேலை, மதுரைச் சுங்குடி. சுங்குடியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வலி உண்டு. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர்கள் எங்கள் தெருவுக்கு வருவார்கள். அம்மா ஒரு எவர்சில்வர் டபராவுக்கு மூன்று சுங்குடிகளைக் கொடுத்தார். இன்றைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நம் சேலம் உருக்காலையிலேயே தகடாக உருண்டு வருகிறது. அந்த மூன்று சேலைகளை யார் திருப்பித் தருவார்கள்?

சரக்குக்கு வீடு மாறுகிறவர்களையும், பழைய வீட்டை இடிக்கப்போகிறவர்களையும் விசாரியுங்கள். எங்கள் மலையில் நூறாண்டு கடந்த விடுதிப் பள்ளிகளும் காபித் தோட்ட பங்களாக்களும் இருப்பதால் கம்பளிக் கோட்டும் ஸ்வெட்டரும் கிடைக்கின்றன. உங்களுக்கு ஊர்ச் சரக்கே போதும். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டை ஒரு முறையாவது கையில் பிடித்துப் பழகுங்கள். பட்டா என்று சந்தேகம் வந்தால் உள்மடிப்பிலிருந்து ஒரு நூல் எடுத்துக் கொளுத்துங்கள். பட்டு முடி கருகும் வாடை தந்து, சாம்பல் பொடியாக உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகிவிடும்.

விலை விஷயத்தில் ஒன்றுதான் சொல்வேன். மாதம் ஒருமுறை கடைத்தெருவுக்குப் போய்ப் நம் பக்கத்து ஊரான இளம்பிள்ளையில் நெய்த புதுச் சேலை என்ன விலை என்று பாருங்கள். சாதாரணப் பழைய சேலைக்கு அதைவிட அதிகம் கேட்டால் வாங்குபவர் புதியதைத்தான் எடுப்பார். கறை, கிழிசல், மாற்றிய பட்டன் எல்லாவற்றையும் சீட்டில் எழுதி நூலால் கட்டிவிடுங்கள். குண்டூசி குத்தாதீர்கள், ஈரம் பட்டால் துருக்கறை விழும். நானே செய்த தவறு ஒன்றையும் கேளுங்கள்: முதல் வருடம் அழகுக்காக ஒரு அரக்குச் சேலையை வெயில் விழும் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிட்டேன். இரண்டே மாதத்தில் வெளிப்பக்க மடிப்பு மட்டும் செங்கல் நிறமாகிவிட்டது. அதை விற்கவில்லை. கடைக்கு வேலை கற்க வரும் பெண்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறேன்.

சுற்றுலாக் கூட்டமெல்லாம் மே மாதத்தில்தான். இந்த மழையிலும் பனியிலும் மலைமேல் கடையைத் திறந்துவைத்து என்ன செய்கிறீர்கள்?
– ஆசிரியை, நாமக்கல்

உங்களுக்குத் தெரியாததில்லை, ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். கூதிரும் முன்பனியும்தான் குறிஞ்சி நிலத்துக்கு உரிய பெரும்பொழுது என்று இலக்கணமே சொல்கிறது. இந்த மலை தன் சொந்தப் பருவத்தில் இருக்கும் மாதங்கள் இவை. மே மாதத்து ஏற்காட்டை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, இதை நான் வைத்துக்கொள்கிறேன்.

காலையில் கதவு ஈரத்தில் உப்பிக்கொண்டு திறக்க மறுக்கும். தோளால் ஒரு முட்டு. வாசலில் சில்வர் ஓக் இலை ஒட்டிக்கிடக்கும், அடிப்பக்கம் வெள்ளியாக மின்னும். கூட்டும்போது ஒன்றிரண்டை எடுத்துக் கல்லாப் பெட்டிமேல் வைப்பேன். பிறகு எதிர்க்கடையிலிருந்து காபி வரும். சேலத்திலிருந்து முதல் பஸ் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, முகப்பு விளக்கு எரியவே வந்து நிற்கும். இறங்குகிறவர்கள் முதலில் கையைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்தால், ஸ்வெட்டர்களை முன்வரிசைக்கு எடுப்பேன். அவற்றை ஹேங்கரில் மாட்டுவதில்லை, தோள் தொங்கிவிடும். மடித்துத்தான் வைப்பேன்.

துணிக்கு இது கடினமான காலம்தான். நாள்கணக்கில் வெயில் இருக்காது. அலமாரியின் அடித்தட்டில் துணி படாதபடி கம்பி வலைக்குள் ஒரு குண்டு பல்பு எரிகிறது, தட்டுதோறும் ஒரு கிண்ணம் அடுப்புக்கரி இருக்கிறது. கடை பூட்டும்போது பல்பை அணைத்துவிடுவேன்.

காபிப் பழம் சிவக்கத் தொடங்கியதும் எனக்குப் பிடித்த வாடிக்கையாளர்கள் வருவார்கள். பழம் பறிக்கும் பெண்கள் சேலைக்குமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். குளிருக்கும் ஆயிற்று, கிளை கீறாமலும் இருக்கும். காலர் கிழிந்திருந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை, கை மட்டும் முழுதாக இருக்க வேண்டும். வருடம் முழுக்க அப்படிப்பட்ட சட்டைகளைத் தனியாக அடுக்கி வைக்கிறேன், ஒன்று 60 ரூபாய். ஒரு பாட்டி மூன்று வருடமாக ஒரே நீலக் கோடு போட்ட சட்டையோடு வருகிறார். முழங்கையில் மட்டும் துண்டு வைத்துத் தரச் சொல்வார்.

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கி எதிர்க்கடை மறைந்துவிடும். யாரும் வரமாட்டார்கள். தகரக் கூரைமேல் மழை விழ, சன்னலோரம் உட்கார்ந்து தைப்பேன். வியாபாரம் இல்லாத அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் கடை வைத்தேனோ என்று சில நாள் தோன்றும்.

தீபாவளிக்குப் புதிது எடுக்காமல், உங்களைப் போன்ற கடையில் வாங்கிய பழைய சேலையைக் கட்டினால் தவறா?
– வாசகி, சங்ககிரி

என் கண்ணுக்குத் தவறில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு மனக்குறை இருந்தால் அவர்கள் திருப்திக்கு ஒரு புது ரவிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் யார் என்னிடம் சேலை எடுத்தாலும், கட்டித் தருவதற்கு முன் ஒரு சிட்டிகை மஞ்சளைக் குழைத்து, இடுப்பில் செருகும் உள்நுனியின் ஓரத்தில் சின்னதாகத் தொட்டு வைக்கிறேன். பட்டில் மஞ்சள் போகாது, அதனால் வெளியே தெரியாத இடம். இந்த வாரம் வந்த ஒரு நூல்சேலையில் அதே நுனியில் பழைய மஞ்சள் பொட்டு ஒன்று மங்கலாக இருந்தது. அதன் பக்கத்தில் புதியதை வைத்துக் கொடுத்தேன்.